பின்சக்கரத்தில் தங்கிவிட்ட டிரம்

1953 ஜூன், பிரான்சின் லெ மான். மல்சான் நேர்சாலையில் சுமார் ஆறு கிலோமீட்டர் முழுவேகத்தில் பாய்ந்து வரும் பந்தயக் கார்கள், அதன் முனையிலுள்ள கூர்வளைவில் வேகத்தைச் சட்டென்று இறக்கியாக வேண்டும். டிரம் பிரேக் வண்டிக்காரர்கள் முன்கூட்டியே பெடலை மிதித்தார்கள். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் இன்னும் கொஞ்ச தூரம் பாய்ந்த பிறகே வேகம் குறைத்தது. அதன் நான்கு சக்கரங்களிலும் டன்லப் டிஸ்க் பிரேக். வென்றது அந்த ஜாகுவார்தான். அங்கே ஒரு காரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியதும் அன்றுதான் முதல்முறை.

டிஸ்க் அன்று பிறந்த யோசனை அல்ல. பர்மிங்காமில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அன்றைய புழுதிச் சாலையில் அவருடைய செம்புப் பட்டைகள் சீக்கிரம் தேய்ந்தன. அதே ஆண்டில் லூயி ரெனோ கொண்டுவந்த டிரம் பிரேக்கோ மூடிய கூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அதற்கு இன்னொரு வரமும் உண்டு: சுழலும் டிரம்மே முன் ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். அதனால் பூஸ்டர் இல்லாமலே, லேசாக மிதித்தாலே வண்டி நின்றது. அரை நூற்றாண்டு அது கோலோச்சியதற்கு இந்தக் குணம் போதும்.

அந்த மூடிய கூடே அதன் குறையும் ஆனது. மலையிறக்கத்தில் சூடு வெளியேற வழியில்லை. டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடிப்பை இழக்கும், கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காற்றில் வெறுமனே சுழலும் டிஸ்க்குக்கு இந்த அவதி மிகக் குறைவு.

பந்தயத்தில் வென்ற டிஸ்க் சாலைக்கு வந்தபோது பெரும்பாலும் முன்சக்கரத்தோடு நின்றுவிட்டது. 1955இன் சிட்ரோயன் டிஎஸ், 1956இல் கிர்லிங் டிஸ்க் பெற்ற டிரையம்ப் டிஆர்3, 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி, மூன்றுக்கும் பின்னால் டிரம்தான். இதைச் சிக்கனம் என்று மட்டும் சொன்னால் அந்தப் பொறியாளர்களுக்கு நியாயம் செய்ததாகாது. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னே சாய்கிறது, பாரம் குறைந்த பின்சக்கரத்துக்கு வேலையும் குறைகிறது. ஹேண்ட்பிரேக்குக்கும் கேபிளால் இழுக்கும் ஷூ மிகப் பொருத்தம். நான்கிலும் டிஸ்க் போட்ட ஜாகுவார் எக்ஸ்கே150, ஹேண்ட்பிரேக்குக்கென்றே தனிப் பட்டைகளைச் சுமந்தது.

ஆகவே, பழைய காரின் பின்சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டலாமா என்று யோசிப்பவர், முதலில் இருப்பதைப் பார்ப்பது நல்லது. வீல் சிலிண்டர் கசிகிறதா, லைனிங்கில் ஆயில் ஏறியிருக்கிறதா, டிரம்மைக் கடைசல் பிடிக்க வேண்டுமா? பிடிக்காத பிரேக்குகள் பல இந்தச் சோதனையிலேயே சரியாகிவிடும்.

மாற்றியே தீருவது என்றால் அது டிஸ்க்கோடு முடியாது. தானாக இழுத்துக்கொள்ளும் அந்தக் குணம் போய்விடுவதால் லைனில் அழுத்தம் கூட வேண்டும், மாஸ்டர் சிலிண்டர் அளவையும் ஆராய வேண்டும். டிரம்முக்காக லைனில் வைத்த அழுத்தம் தேக்கும் வால்வு அப்படியே கிடந்தால் பட்டைகள் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்வது. ஈரச் சாலையில் வண்டியின் வால் அப்படியே சுழன்றுவிடும். பெரிய எஞ்சின் ஏற்றிய காருக்கும் பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கும் இந்தப் பாடு தகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் எம்ஜிபிக்குத் தேவையில்லை.

நான்கிலும் டிரம் கொண்ட கார் என்றால் தொடங்க வேண்டிய இடம் முன்சக்கரம். நம் சாலைகளில் அம்பாசடர் பல பத்தாண்டுகள் நான்கு டிரம்களோடு ஓடியது. பின்னாளில் அதன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. பின்னால் டிரம்மே இருந்தது, 2014இல் அதைத் தயாரித்த உத்தர்பாரா ஆலை நிற்கும் வரை.