மஞ்சளாற்றங்கரையின் கடைசி அத்தியாயங்கள்

திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்கே போனால், சமவெளி முடிந்து கொடைக்கானல் மலை எழும்பும் இடத்தில் வத்தலக்குண்டு இருக்கிறது. மலைக்குப் போகிற வண்டிகள் டீ குடிக்க நிற்கும் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தெரியும். மஞ்சளாற்றுப் பாசனம், தென்னந்தோப்பு, பக்கத்து நிலக்கோட்டையில் மல்லிகைச் சந்தை என்று வேளாண்மையால் வாழ்கிற சீமை இது. ஆனால் தமிழ் நாவலுக்கும் சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் யார் வரலாறு எழுத உட்கார்ந்தாலும் இந்த ஊரைத் தொடாமல் ஒரு பக்கம் நகர முடியாது. இவ்வளவு சின்ன ஊரிலிருந்து மூன்று பெயர்கள்: பி.ஆர்.ராஜமய்யர், பி.எஸ்.ராமையா, சி.சு.செல்லப்பா.

மூவரில் முதல்வருக்கு முதுமை வாய்க்கவே இல்லை. 1872-ல் பிறந்த ராஜமய்யர் இருபத்தோரு வயதில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1893 முதல் 1895 வரை வந்த அந்தக் கதை மறு ஆண்டே புத்தகமானது. தமிழில் உயிருள்ள மனிதர்கள் நடமாடிய முதல் நாவல் எது என்று கேட்டால் இன்றும் பல விமர்சகர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். மதுரைச் சீமைக் கிராமத்துத் திண்ணைப் பேச்சும் வம்பும் அதில் அப்படியே காதில் விழும். பிறகு சென்னையில் விவேகானந்தரின் ஆதரவோடு தொடங்கிய ‘பிரபுத்த பாரதா’ ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். 1898-ல், 26 வயதில், காலமாகிவிட்டார். இன்னொரு நாவல் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம் அவரைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் வரும்.

அந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஆனால் அதே ஊரின் பின்னவர்கள் இருவருக்குக் காலம் தாராளமாகக் கிடைத்தது. அதை அவர்கள் எதற்குச் செலவிட்டார்கள் என்பது சொல்லத் தகுந்த கதை.

ராமையா 1905-ல் பிறந்தவர். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர். சிறுகதைப் போட்டிக்காக ‘ஆனந்த விகட’னுக்கு எழுதிய ‘மலரும் மணமும்’ பரிசு பெற, எழுத்து வாழ்க்கை தொடங்கியது. 1933-ல் கே.சீனிவாசன், வ.ரா., டி.எஸ்.சொக்கலிங்கம் மூவரும் கூடி நடத்திய அரசியல் வார இதழ் ‘மணிக்கொடி’. அது நின்றுபோகும் நிலைக்கு வந்தபோது 1935-ல் அதை முழுக்கச் சிறுகதைக்கான பத்திரிகையாக்கி நடத்தியவர் ராமையாதான். அப்போது அவருக்கு வயது முப்பது. புதுமைப்பித்தன், கு.ப.ராஜகோபாலன், ந.பிச்சமூர்த்தி, சிட்டி என்று தமிழ்ச் சிறுகதையின் பெரும்படை அவர் கைவழியே அச்சுக்குப் போனது. கும்பகோணத்து எஸ்.மணியைக் கதை எழுதச் சொல்லி, ‘மௌனி’ என்று பெயரும் வைத்தவர் அவர். பத்திரிகை காசு பார்க்கவில்லை. மூன்றாண்டுக்குள் ராமையா வெளியேற நேர்ந்தது. இதழும் அதிக நாள் தாங்கவில்லை.

அதன்பின் அவர் சினிமாவுக்கும் நாடகத்துக்கும் போனார். ‘பூலோக ரம்பை’, ‘மதன காமராஜன்’ என்று படங்கள், எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜுக்கு ‘தேரோட்டி மகன்’. பிறகு ஸ்ரீதர் படமாக்கிய ‘போலீஸ்காரன் மகள்’. நடுவில் ஏராளமான சிறுகதைகள். ஒரு மனிதனின் பெயர் நிற்க இவ்வளவு போதும் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்தது இவை எதுவும் இல்லை. வயதான பிறகு, நா.பார்த்தசாரதியின் ‘தீபம்’ இதழில் உட்கார்ந்து எழுதிய நினைவுத் தொடர்தான். ‘மணிக்கொடி காலம்’ என்ற அந்த நூலுக்கு 1982-ஆம் ஆண்டின் விருது. ராமையாவுக்கு அப்போது வயது 77. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

அந்தப் புத்தகத்தில் ராமையா தன்னைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அது ஒரு சுயசரிதையாக முடிந்திருக்கும். அவர் பேசியது சகாக்களைப் பற்றி. எந்தக் கதை எப்படி வந்து சேர்ந்தது, யார் யாரோடு சண்டை போட்டார்கள், அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லாத வாரங்கள் எப்படிக் கழிந்தன என்று ஒரு கூட்டத்தின் கதையை அந்தக் கூட்டத்தில் மிஞ்சியிருந்த ஒருவராக இருந்து சொன்னார். அவர் எழுத உட்கார்ந்தபோது புதுமைப்பித்தன் இல்லை, கு.ப.ரா. இல்லை, வ.ரா. இல்லை. புதுமைப்பித்தன் 1948-லேயே, 42 வயதில் போய்விட்டார். கு.ப.ரா. அதற்கும் முன்பே, 1944-ல். ராமையா நினைவைத் தவறவிட்டிருந்தால் தமிழ்ச் சிறுகதையின் பிறந்த வீட்டுச் செய்திகளில் பெரும்பகுதி அவரோடு போயிருக்கும். அவர் சொன்ன சிலவற்றை மறுத்தவர்களும் உண்டு. மறுப்பதற்குக்கூட அவர் எழுதிவைத்த பக்கம்தான் தேவைப்பட்டது. இன்றுவரை மணிக்கொடியைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் முதலில் எடுக்கிற புத்தகம் அதுதான்.

தமிழில் இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. உ.வே.சாமிநாதையர் 85 வயதை எட்டும் சமயத்தில், 1940-ல், ‘ஆனந்த விகட’னில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1942-ல் அவர் மறையும்வரை அது முடியவில்லை. ஏடு தேடி அலைந்த கால்கள் ஓய்ந்த பிறகு எழுதியது அது. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் அவர் கொடுத்த இடம், தனக்குக் கொடுத்துக்கொண்ட இடத்துக்குக் குறைந்ததல்ல. முதிய எழுத்தாளர்களிடம் இந்தக் குணம் அடிக்கடி தென்படுகிறது. இளமையில் தன் குரல் கேட்க வேண்டும் என்று எழுதியவர்கள், முதுமையில் மற்றவர்களின் குரல் அவிந்துபோய்விடக் கூடாதே என்று எழுதுகிறார்கள்.

வத்தலக்குண்டின் மூன்றாமவரிடம் இது இன்னும் பிடிவாதமாக இருந்தது.

சி.சு.செல்லப்பா 1912-ல் சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். ‘சுதந்திரச் சங்கு’, ‘மணிக்கொடி’ இதழ்களில் எழுதத் தொடங்கியவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறையும் கண்டவர். 1959 ஜனவரியில், 46 வயதில், கையில் இருந்ததையெல்லாம் போட்டு ‘எழுத்து’ என்ற விமர்சன இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட வரம்பு. விற்பனை அந்த வரம்பைத் தொடவே இல்லை என்பது வேறு விஷயம். 1970 வரை 119 இதழ்கள். பிச்சமூர்த்தியின் கவிதையோடு புறப்பட்ட அந்த இதழில்தான் தருமு சிவராமு, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, நகுலன், எஸ்.வைதீஸ்வரன் போன்றவர்கள் புதுக்கவிதையை நிலைநிறுத்தினார்கள். 1962-ல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு அந்த முயற்சியின் விளைச்சல்.

இதழ் நின்ற பிறகும் மனிதர் ஓயவில்லை. தானே அச்சிட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கதர் வேட்டி கட்டிய ஒரு வயதானவர் வகுப்பறை வாசலில் மூட்டையை இறக்கி வைத்துப் பிரித்து, பிச்சமூர்த்தி கவிதைகளையும் தன் நாவலையும் எடுத்துக் காட்டும் காட்சியை அக்காலத்துத் தமிழாசிரியர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். விருதுகளிலும் பணமுடிப்புகளிலும் அவருக்கு விருப்பம் இல்லை, வந்தவற்றை மறுத்திருக்கிறார். இருந்தாலும் அயல்நாட்டுத் தமிழர்கள் ஏற்படுத்திய ‘விளக்கு’ அமைப்பின் முதல் விருது அவருக்குத்தான் வழங்கப்பட்டது.

அவருடைய ‘வாடிவாச’லை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். ஜல்லிக்கட்டைப் பற்றிய அந்தக் குறுநாவலில் எல்லோர் கண்ணும் போவது பிச்சியின் மேல். தன் அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை அணைய வந்திருக்கிற இளைஞன் அவன். ஆனால் வாடிவாசல் அடைப்போடு சாய்ந்து நிற்கும் ஒரு கிழவனைக் கவனிக்க வேண்டும். மாடு அணைகிற தெம்பு அவன் உடம்பில் இல்லை. எந்த மாடு யாருடையது, எது எப்படிப் பாயும், உசிலனூர் அம்புலி எப்பேர்ப்பட்ட ஆள் என்பதெல்லாம் அவன் வாயில்தான் இருக்கிறது. அவன் பேசாவிட்டால் பிச்சி செய்வது வெறும் சாகசம். அவன் நினைவு பக்கத்தில் நிற்பதால்தான் அது ஒரு குடும்பத்தின் கணக்கைத் தீர்ப்பதாகிறது. செல்லப்பா இதை எழுதியபோது கிழவர் அல்ல. ஆனாலும் கிழவனுக்கு என்ன வேலை என்பது அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டபோது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். 1997-ல் ‘சுதந்திர தாகம்’ வெளிவந்தது. மூன்று பாகம், சுமார் 1,800 பக்கம். சைமன் கமிஷன் வந்த காலம் தொட்டுச் சட்டமறுப்பு இயக்கம் அடங்கும் காலம்வரை, மதுரைச் சீமையின் சாதாரண மனிதர்கள் காந்தியின் சொல்லைக் கேட்டுத் தெருவுக்கு வந்த கதை. வேறு பதிப்பாளர் யாருக்கும் காத்திராமல், எழுத்து பிரசுரமாக அவரே கொண்டுவந்தார். அப்போது வயது 85. தலைவர்கள் அந்த நாவலில் தூரத்தில்தான் நிற்கிறார்கள். மாணவர்கள், கள்ளுக்கடை மறியலுக்குப் போனவர்கள், அடிபட்டவர்கள், சிறைக்குப் போய் வந்து வேலை கிடைக்காமல் திரிந்தவர்கள் என்று எந்தக் கல்வெட்டிலும் பெயர் ஏறாதவர்கள்தான் அதில் முன்னால் வருகிறார்கள். நாவல் என்ற அளவில் அது நீண்டுவிட்டது, கச்சிதம் போதாது என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. அது நியாயமான குறைதான். ஆனால் அந்த நீளத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது: பார்த்தவர் ஒருவர், இனி இதைச் சொல்ல ஆள் இருக்காது என்ற அவசரத்தில், எதையும் விட்டுவிட மனம் வராமல் எழுதியது அது.

அதே 1997-ல்தான் இங்கிலாந்தில் வாழ்ந்த இந்திய எழுத்தாளர் நிரத் சி. சௌதுரி தன் நூறாவது வயதை ஒட்டித் தன் கடைசிப் புத்தகத்தை வெளியிட்டார். உலகப் பத்திரிகைகள் அந்த அதிசயத்தை எழுதின. திருவல்லிக்கேணியில் ஒரு தமிழ் எழுத்தாளர் 85 வயதில் மூன்று பாக நாவலைச் சொந்தமாக அச்சடித்ததை வெளியே எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 1998 டிசம்பரில் செல்லப்பா காலமானார். மூன்று ஆண்டு கழித்து, 2001-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது ‘சுதந்திர தாக’த்துக்கு அறிவிக்கப்பட்டது. தமிழில் கல்கி, பாரதிதாசன், ஆதவன் ஆகியோருக்கும் மறைவுக்குப் பிறகுதான் இந்த விருது வந்தது. உயிரோடு இருந்திருந்தால் செல்லப்பா ஏற்றிருப்பாரா என்பது அவரை அறிந்தவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிற கேள்வி.

லா.ச.ராமாமிர்தம் 1989-லும் எம்.வி.வெங்கட்ராம் 1993-லும் அகாதெமி விருது பெற்றபோது இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. மணிக்கொடிக் காலத்தில் எழுதத் தொடங்கிய தலைமுறைக்கே அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. கவனம் முழுக்க லட்சம் பிரதி விற்ற வார இதழ்களின் பக்கம் இருந்த காலம் அது. அந்தத் தாமதத்தில் நேர்ந்த அநியாயத்தை மறைக்க வேண்டியதில்லை: வயதும் உடல்நலமும் கைகொடுத்தவர்கள் மட்டுமே அதைத் தாண்டி வந்து நின்றார்கள். ஆனால் ராமையாவும் செல்லப்பாவும் அங்கீகாரம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்து எழுதியவர்கள் அல்ல. ஒருவர் சகாக்களுக்காக எழுதினார். மற்றவர் தெருவில் அடிபட்டவர்களுக்காக எழுதினார்.

செல்லப்பா முதுமையில் செய்த இன்னொரு காரியமும் உண்டு. ராமையாவின் சிறுகதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டமைப்பு, உத்தி, நடை என்று அலசி ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்ற நூலை எழுதினார். ‘மணிக்கொடி காலம்’ எழுதியவர் என்ற பெயர் நிலைத்து, கதை எழுதியவர் என்ற பெயர் மங்கிக்கொண்டிருந்த சமயம். ஊர்க்காரர், மூத்தவர், தன்னை எழுத்துக்குள் இழுத்தவர்களில் ஒருவர் என்ற பாசம் அதில் உண்டு. ஆனால் பாசத்துக்காக ஒரு கதைக்குக் கூடுதல் மதிப்பெண் போடும் வழக்கம் செல்லப்பாவுக்குக் கிடையாது. நல்ல கதை ஏன் நல்ல கதை என்று வரி வரியாகக் காரணம் காட்டுகிறார்.

‘வாடிவாசல்’ இப்போது ஆங்கிலத்தில் கிடைக்கிறது, சித்திரக்கதையாகவும் வந்திருக்கிறது, ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் இளைஞர்கள் மெரினாவில் கூடியபோது பலரும் அதைத் தேடிப் படித்தார்கள். ‘சுதந்திர தாக’த்துக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் கல்லூரிகளில் தமிழ் படிக்கிற மாணவர்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற வத்தலக்குண்டின் இந்த இரண்டு முதியவர்களைப் பாடத்தில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டுப் போகாமல், அந்த மூன்று பாகங்களையும் ‘மணிக்கொடி கால’த்தையும் ஒரு விடுமுறைக்கு எடுத்து உட்கார வேண்டும். தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய தங்கள் சீமையின் தெருக்களும் கூட்டங்களும் சிறைக்கதவுகளும் அங்கே இருக்கின்றன.