அதே பெயரில் இன்னொரு வீடு

ராஜகிருகத்து வணிகர் விசாகர், புத்தரின் உபதேசம் கேட்டு வீடு திரும்பினார். இல்லற ஆசை போயே போச்சு! ‘சொத்தெல்லாம் உனக்கே’ என்று மனைவி தம்மதின்னாவிடம் சொல்ல, அந்தம்மா ‘எனக்கும் வேண்டாம்’ என்று பிக்குணியாகிவிட்டார். பிறகு ஒருநாள் விசாகர் தேடி வந்து தத்துவக் கேள்விகளாக அடுக்க, எல்லாவற்றுக்கும் பதில்! ‘சந்தேகமிருந்தால் புத்தரையே கேளுங்கள்’ என்றும் அனுப்பினார். தானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றாராம் புத்தர்.

அந்தத் தம்மதின்னாவின் பெயரில், 1977-ல், கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு தியான மையம் முளைத்தது. ‘தம்ம தேனா’. ஆரம்பித்தவர் ரூத் டெனிசன் என்ற ஜெர்மானியப் பெண்மணி. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் ரஷ்யப் படையினரிடம் அவர் பட்ட பாடு... வேண்டாம், விவரிக்கவே மனசு வரவில்லை. பிறகு அமெரிக்கா, திருமணம், கணவரோடு பர்மா பயணம். அங்கே அவருக்கு வாய்த்த குரு ஊ பா கின். விபாசனா கோயங்காவுக்கும் இவர்தான் குரு! கற்பிக்கும் அனுமதியை மேலைநாட்டவரில் வெகுசிலருக்கே அவர் தந்தார். அதில் ரூத் ஒருவர்.

ரூத் பெண்களுக்கென்றே தனி முகாம்கள் நடத்தினார். நடக்கவும் ஆடவும்கூட வைத்தார். குருபரம்பரையில் சிலர் முகம் சுளித்தார்கள். வந்த பெண்களில் நிறையப் பேர் லெஸ்பியன்கள் (ரூத் அப்படியல்ல).

கண்ணை மூடி மௌனமாக உட்கார எதற்கய்யா தனி இடம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், விபாசனா என்பதே உள்ளே எழுவதை உள்ளபடி பார்ப்பது. ஆபீஸிலும் வீட்டிலும் வருஷக்கணக்காகத் தன்னை மறைத்துப் பழகியவளுக்கு முதலில் எழுவது எது? அந்தப் பயம்தானே! அதைக் குருவிடம் சொல்லும்போது, அவர் முகம் ஒரு நொடி மாறினால்... அவ்வளவுதான், தியானம் அங்கேயே காலி. போதாக்குறைக்கு, 1980-களில் அமெரிக்க பௌத்த மையங்கள் சிலவற்றில் ஆண் குருமார்களின் பாலியல் விவகாரங்கள் வேறு வெடித்தன.

இன்னொரு சிக்கல், மூன்றாவது சீலம். காமத்தில் தகாத நடத்தை கூடாது என்கிறது அது. இவர்களின் காதல் அதில் சேருமா? பாலி வாசகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. திபெத்திய நூல்களில் தடை உண்டு. 1997-ல் சான்பிரான்சிஸ்கோவில் தன்பால் ஈர்ப்பாளர்கள் தலாய் லாமாவிடமே முறையிட்டார்கள். மனித உரிமை என்ற வகையில் அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தார். ஆனால், நூலில் உள்ளதை மாற்றத் தனியொருவராகத் தனக்கு அதிகாரமில்லை என்றும் சொல்லிவிட்டார். நியாயமான பதில்தான். ஆனால், கேட்டவர்களுக்கு வலித்திருக்கும், இல்லையா?

ரூத் 2015-ல், 92 வயதில் மறைந்தார். அவரது வரலாற்றை எழுதிய சாண்டி பௌச்சர் ஒரு லெஸ்பியன். இன்னொரு சிஷ்யை அரின்னா வைஸ்மனும் அப்படியே. லெஸ்பியன்களுக்கும் கே ஆண்களுக்கும் தனி விபாசனா முகாம் நடத்திய முன்னோடிகளில் ஒருவர் அவர். நாட்டின் மறுகோடியில், மாசசூசெட்ஸ் மாநில நார்தாம்ப்டனில் ஒரு மையமும் தொடங்கினார். பெயர்? தம்ம தேனா!