75 ரூபாய்ச் சம்பளமும் ஒரு செயலாளர் பதவியும்

எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வசனம் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "ஏதாவது தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ததாக இருந்தால் பயோடேட்டாவுக்கு நல்லது." அமெரிக்காவில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு, கெல்லாக் மாதிரி மேலாண்மைக் கல்லூரிகளில் 'போர்டு ஃபெல்லோ' என்று ஓர் ஏற்பாடு உண்டு. மாணவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் போய் உட்கார வேண்டும். பெரும்பாலும் ஓட்டுரிமை கிடையாது. ஆனால் வரவு செலவைப் பார்க்கலாம், விவாதத்தில் பேசலாம், குழு கேட்கும் ஒரு வேலையை முடித்துக் கொடுக்கலாம். பொறுப்பு என்பதை வகுப்பில் படிக்க முடியாது, கூட்டத்தில் உட்கார்ந்தால்தான் புரியும் என்பது அவர்கள் கணக்கு.

நல்ல யோசனைதான். ஆனால் ஔந்திலிருந்து பல்கலைக்கழகத்தைத் தாண்டி ஃபெர்குசன் கல்லூரி சாலை வழியாக டெக்கான் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இதை இந்த ஊர் 130 வருடங்களுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. அதில் உள்ள நல்லதையும் பார்த்தது, சண்டையையும் பார்த்தது. கதையில் ஒரு வலங்கைமான்காரரும் வருகிறார், எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1870-ல் புனேயில் சார்வஜனிக் சபா தொடங்கியது. மக்களின் குறைகளை அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்லும் அமைப்பு. யார் வேண்டுமானாலும் சந்தா கட்டி உறுப்பினராகிவிட முடியாது. குறைந்தது 50 பேரிடமாவது "இவர் எங்களுக்காகப் பேசலாம்" என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். இப்படிச் சுமார் 6000 பேரின் சார்பில் 95 பேர் உறுப்பினரானார்கள். 'உனக்குப் பேச உரிமை கொடுத்தது யார்?' என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் தயார்!

அடுத்தது கல்வி. 1880-ல் திலகர், அகர்கர், சிப்ளூண்கர் ஆகியோர் நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கினார்கள். 1884-ல் டெக்கான் கல்விச் சங்கம் வந்தது. 1885-ல் ஃபெர்குசன் கல்லூரி. இதில் ஆயுள் உறுப்பினர் ஆகிறவர் 20 வருடம் மாதம் 75 ரூபாய்க்கு உழைக்க வேண்டும். பாடம் நடத்துவதும் அவர்களே, சங்கத்தை நிர்வகிப்பதும் அவர்களே. அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் ரத்னகிரி மாவட்டத்தில் பிறந்த கோபால கிருஷ்ண கோகலே. அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தார்.

அவரைக் கண்டுபிடித்தவர் ரானடே. ரானடே அரசு நீதிபதி, எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்ய முடியாது. 1887-ல் சார்வஜனிக் சபாவின் காலாண்டிதழை கோகலே கையில் கொடுத்தார்கள். வயது 21. 1890-ல் சபையின் செயலாளரே ஆகிவிட்டார். வயது 24. நம் வீட்டுப் பிள்ளை கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிப் பழகும் வயது.

பதவியைவிட அதில் நடந்த பயிற்சிதான் முக்கியம். அரசாங்கத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு மனுவையும் கோகலே எழுதுவார், ரானடே வரி வரியாகப் பார்ப்பார். புள்ளிவிவரம் சரியில்லை என்றால் திரும்பி வரும். ஒருமுறை பாடுபட்டு எழுதிய மனுவுக்கு அரசிடமிருந்து ஓரிரு வரிதான் பதில் வந்தது. கோகலே நொந்துபோனார். இந்த மனுக்களில் விலாசம் அரசாங்கத்துடையது, உண்மையில் படிக்க வேண்டியவர்கள் மக்கள் என்ற பொருளில் ரானடே அவரைத் தேற்றினார். இந்தப் பாடம் எந்தக் கேஸ் ஸ்டடியில் வரும், சொல்லுங்கள்!

இனி சண்டைக்கு வருவோம். ஆயுள் உறுப்பினர்கள் தங்கள் முழு நேரத்தையும் கல்விச் சங்கத்துக்கே தர வேண்டும், வெளி வேலையும் வெளி வருமானமும் கூடாது என்பது திலகர் கட்சி. கோகலே சபையின் செயலாளர் பதவியை ஏற்றது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. தாமே உருவாக்கிய சங்கத்திலிருந்து 1890-ல் திலகர் விலகினார். கோகலேயைப் பிடிக்கும் என்பதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது. திலகர் கேட்டது நியாயமான கேள்வி. நீ கற்றுக்கொள்வதற்காக இரண்டு இடத்தில் உட்காருகிறாய், உன்னை நம்பிய முதல் இடத்துக்கு மிச்சம் இருப்பது என்ன?

கதை அதோடு முடியவில்லை. 1895-ல் திலகர் தரப்பு சார்வஜனிக் சபாவின் நிர்வாகத்தைப் பிடித்தது. ரானடேயும் கோகலேயும் வெளியேறி 1896-ல் டெக்கான் சபாவைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கூட்டம், ஓட்டு, வெளிநடப்பு... நம்ம தமிழ்ச் சங்கங்கள் ஞாபகம் வருகிறதா? வந்தால் நான் பொறுப்பல்ல.

1897-ல் வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல கோகலே லண்டன் போனார். வயது முப்பதை ஒட்டி. சென்னையிலிருந்து போய்ச் சாட்சி சொன்னவர் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்ரமணிய ஐயர். இராணுவச் செலவு, வரி என்று கோகலே எண்களை அடுக்கியது சபை மனுக்களில் வாங்கிய பயிற்சியால்தான். அதே பயணத்தில் சறுக்கலும் நேர்ந்தது. பிளேக் நடவடிக்கையில் சிப்பாய்களின் அத்துமீறல் பற்றிக் கடிதத்தில் வந்த செய்தியை நம்பி அங்கே வெளியிட்டார். திரும்பி வந்தபோது நிரூபிக்க முடியவில்லை. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வசையும் வாங்கினார். ஓட்டுரிமை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் கிடைக்காத அனுபவம் இதுதான்.

இந்த அனுபவமெல்லாம் சேர்ந்துதான் 1905 ஜூன் 12-ல் இந்திய ஊழியர் சங்கம் ஆனது என்று நினைக்கிறேன். இதில் சேர்ந்தால் ஐந்து வருடப் பயிற்சி. மூன்று வருடம் புனேயில் படிப்பு, இரண்டு வருடம் நாடு சுற்றிப் பார்ப்பது. உறுதிமொழியும் உண்டு, தனக்கென்று பணம் சேர்க்கக் கூடாது.

நம்ம வலங்கைமான்காரர் வருவது இங்கேதான். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை, அதாவது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த டி.யூ.சி.எஸ்.ஸை, தொடங்கியவர்களில் ஒருவர். அரிசி பருப்புக் கணக்குப் பார்த்துப் பழகியவர். 1907-ல் வேலையை விட்டு கோகலேயிடம் சேர்ந்தார். 1915 பிப்ரவரியில் கோகலே இறந்ததும் தலைமை இவருக்கு வந்தது. புனேயில் பிறந்த ஒரு சங்கத்துக்கு மராட்டியர் அல்லாத ஒரு தமிழர் தலைவர். ஆரம்பத்திலேயே ஒரு கஷ்டம். காந்தி சேர விரும்பினார், உறுப்பினர்களில் சிலர் இவர் வழி வேறு என்று தயங்கினார்கள், காந்தியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். சங்கம் உடையவில்லை, நட்பும் முறியவில்லை. சங்கத்தின் இடத்தில்தான் 1930-ல் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனம் எழுந்தது.

பிள்ளைகள் தொண்டு நிறுவனத்துக்குப் போகட்டும். வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் மூன்று விஷயம் கேட்டு அனுப்புங்கள். நீ எழுதுவதை வரி வரியாகத் திருத்த அங்கே ஒரு ரானடே இருக்கிறாரா? உன்னால் தவறு நேர்ந்தால் உன் பெயரில் பதில் சொல்வாயா? ஆறு மாதம் கழித்துச் சான்றிதழோடு வந்துவிட்டால், பாதியில் நிற்கும் வேலையை யார் முடிப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அந்த நிறுவனத்துக்கு நம் பிள்ளை செய்வது உதவியா, செலவா என்று நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.