மாணிக்கப் பால்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அக்கா பொண்ணு ஃபோன் பண்ணா. ஒன்பதாவது படிக்கிறா.

"மாமா, சிலப்பதிகாரம் பத்தி ப்ராஜெக்ட். திங்கக்கிழமை கொடுக்கணும். நெட்ல ஒரு பக்கம் கிடைச்சது, ஆனா அது என்ன மொழின்னே தெரியல."

ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். பார்த்தா, தலையில கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்து, நடுவுல பவுண்டு குறி, அப்புறம் நாலு கேள்விக்குறி. பக்கம் முழுக்க இதேதான்.

எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அது தமிழ்தான். யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி டைப் பண்ண தமிழ். அதை அவளுக்கு விளக்கப் போய்தான் இந்த எபிசோட் வந்தது. சிலப்பதிகாரம் எப்படி நம்ம ஃபோனுக்குள்ள வந்து சேர்ந்தது? இதைத் தெரிஞ்சுக்கிட்டா, நெட்ல கிடைக்கிற எதை நம்பலாம், எப்படிச் சரிபார்க்கணும்னும் சேர்த்தே புரியும்.

முதல்ல ஓலை. பனையோலை நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சில நூற்றாண்டுதான் தாங்கும். கரையான் அரிக்கும், இராமபாணப் பூச்சி துளை போடும், ஓரம் முறியும். அதனால ஒரு சுவடி பழசாகும்போது யாராவது ஒருத்தர் புது ஓலையும் எழுத்தாணியும் எடுத்துக்கிட்டு உட்கார்ந்து, முழுசா பெயர்த்து எழுதணும். இளங்கோவடிகள் கையால எழுதின ஓலை எதுவும் நம்மகிட்ட இல்ல. இருக்கிறதெல்லாம் பிரதியோட பிரதியோட பிரதி. பேர் தெரியாத எத்தனையோ பேர் சலிக்காம எழுதினதாலதான் நூல் பிழைச்சிருக்கு. ஒரு தலைமுறை "இதை யார் படிக்கப் போறா"ன்னு விட்டுட்டா, கதை அங்கேயே முடிஞ்சிரும். பேர் மட்டும் மிஞ்சி, நூல் கிடைக்காமப் போன தமிழ் நூல்கள் நிறைய உண்டு.

அடுத்தது அச்சு. 1880ல கும்பகோணம் கல்லூரியில தமிழாசிரியரா இருந்த உ.வே. சாமிநாதையரை, அந்த ஊருக்கு முன்சீப்பா வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சந்திக்கிறார். சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்கிறார். அத்தனை பிரபந்தமும் புராணமும் படிச்ச சாமிநாதையர் அதைப் படிச்சதில்ல. அந்த ஒரு கேள்விதான் அவரை ஊர் ஊரா சுவடி தேட வச்சது. 1887ல சீவக சிந்தாமணி, 1889ல பத்துப்பாட்டு, 1892ல உரையோட சிலப்பதிகாரம், 1894ல புறநானூறுன்னு வரிசையா அச்சுக்கு வந்தது. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் அதே காலத்துல இதே வேலையைச் செஞ்சார். அவரோட கலித்தொகைப் பதிப்பு வந்ததும் 1887லதான்.

ஓலையைப் படிக்கிறதே பெரிய வேலை. அதுல பொதுவா புள்ளி வைக்க மாட்டாங்க, வச்சா ஓலை கிழியும்னு காரணம் சொல்வாங்க. அந்தக் கால எழுத்துல எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிச்சுக் காட்டினதும் புள்ளிதான். புள்ளி இல்லைன்னா 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு நெருப்பு, இன்னொண்ணு தண்ணி! பல சுவடிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, இடம் பார்த்து, யாப்பு பார்த்து முடிவெடுக்கணும்.

இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்துன்னு ஒரு அட்டவணை வேணும், அதுக்குப் பேர்தான் என்கோடிங். 1990கள்ல தமிழுக்கு அப்படிப் பல அட்டவணை இருந்தது. ஃபான்ட் செய்றவங்க ஆளுக்கொரு கணக்கு வச்சிருந்தாங்க. அதே ஃபான்ட் உங்க கம்ப்யூட்டர்ல இல்லைன்னா, தமிழ் எழுத்துக்குப் பதிலா கொம்பு வச்ச ஆங்கில எழுத்துதான் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் இணையத்துல கூடிப் பேசி 'டிஸ்கி'ன்னு ஒரு பொது அட்டவணை உருவாக்கினாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்'னு ரெண்டு அட்டவணையை அறிவிச்சது. இதுக்கு நடுவுல, 1991லயே யூனிகோட்ல தமிழுக்கு இடம் கிடைச்சிருந்தது. ஆனா விண்டோஸ் 2000 மாதிரியான சிஸ்டம் வந்த பிறகுதான் சாதாரண ஆள் அதைப் பயன்படுத்த முடிஞ்சது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவுலதான் 1998 பொங்கல் அன்னிக்கு மதுரைத் திட்டம் தொடங்குது. சுவிட்சர்லாந்துல வேதியியல் விஞ்ஞானியா இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில, வேற வேற நாட்டுல இருந்த தன்னார்வலர்கள் சம்பளம் இல்லாம பழந்தமிழ் நூல்களை டைப் பண்ணி, பிழை பார்த்து, இலவசமா வெளியிட்டாங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து டைப் பண்றதை நினைச்சுப் பாருங்க. எழுத்தாணிக்குப் பதிலா கீபோர்டு, அவ்வளவுதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அடுத்து அவங்க செஞ்சதுதான். ஆரம்பத்துல வந்த நூல்கள் டிஸ்கியில இருந்தது. யூனிகோட் வந்ததும், முடிச்ச வேலைதானேன்னு விடாம, அதையெல்லாம் யூனிகோடுக்கு மாத்தினாங்க. ஓலை பழசானதும் புது ஓலைக்கு மாத்தினதும் இதுவும் ஒண்ணுதான். அதே காலத்துல தனி ஆட்கள் ஆசை ஆசையா போட்ட எத்தனையோ தமிழ்ப் பக்கங்களை யாரும் மாத்தல. அக்கா பொண்ணு பார்த்தது அப்படி ஒரு பக்கம். ஃபைல் அழியல, படிக்கத்தான் ஆள் இல்ல. பரண்ல கிடக்கிற சுவடி மாதிரி.

ஒரே இடத்துல ஒரே பிரதி இருந்தா என்ன ஆகும்னு நமக்கு 1981லயே தெரியும். மே 31 ராத்திரி யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வச்சாங்க. சுமார் 97,000 நூல்கள் எரிஞ்சுபோச்சு. சுவடிகளும் அதுல இருந்தது. அதை யாராலயும் திருப்பித் தர முடியாது. ஆனா 2005ல ஈழத்து இளைஞர்கள் 'நூலகம்'ங்கிற திட்டத்தைத் தொடங்கினாங்க. இலங்கைத் தமிழ் நூல், பத்திரிகை, சின்னச் சின்ன துண்டுப் பிரசுரம் வரைக்கும் ஸ்கேன் பண்ணிப் பொதுவுல வைக்கிறாங்க. நாளைக்கு ஒரு கட்டடம் எரிஞ்சாலும் எழுத்து எரியாது.

சரி, ப்ராஜெக்டுக்கு வரேன். ஞாயித்துக்கிழமை காலையில வீடியோ கால்ல ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். மூல நூலும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல இருக்கு. 2001ல தமிழ் இணையப் பல்கலைக்கழகமா ஆரம்பிச்சது அது. வாட்ஸ்அப்ல வந்த சுருக்கத்தை மூடி வச்சுட்டு, வழக்குரை காதையை உரையோட படிச்சோம். பாதி புரியல, பரவாயில்ல. அரசி சிலம்புல முத்து, கண்ணகி சிலம்புல மாணிக்கம், அது புரிஞ்சது.

அப்புறம் விக்கிமூலத்தைக் காட்டினேன். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களோட ஸ்கேன் அங்க ஆயிரக்கணக்குல இருக்கு. மெஷின் படத்தைப் பார்த்து எழுத்தா மாத்தும். ஒரு பக்கம் ஸ்கேன், ஒரு பக்கம் மெஷின் படிச்சது. மனுஷங்க ரெண்டையும் ஒப்பிட்டுத் திருத்தணும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருத்தர் திருத்தினா மஞ்சள். இன்னொருத்தர் சரிபார்த்தா பச்சை. சிலப்பதிகாரம் பத்தின ஒரு பழைய உரைநடை நூலைத் திறந்து, "ஒரு பக்கம் நீ பண்ணு"ன்னேன்.

பத்து நிமிஷத்துல சிரிக்க ஆரம்பிச்சா. "மாமா, மாணிக்கப் பால்னு போட்டிருக்கு!"

ஸ்கேன்ல 'பரல்'. மெஷின் 'ர'வைக் காலா நினைச்சுப் படிச்சிருக்கு. 'பரல்' 'பால்' ஆயிடுச்சு. தமிழ்ல மெஷின் அடிக்கடி செய்ற தப்பு இது. அவகிட்ட அப்பதான் சொன்னேன்: ஓலையிலயும் 'ர'வுக்கும் காலுக்கும் ஒரே கோடுதான். புள்ளியும் கிடையாது. சுவடியில 'பரல்', 'பால்' ரெண்டுமே ஒரே மாதிரிதான் இருக்கும். சாமிநாதையர் ஒவ்வொரு வரியிலயும் எடுத்த முடிவைத்தான் நீ இப்ப எடுத்திருக்கே.

கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "கண்ணகியோட கேஸே அந்தப் பரல்லதானே மாமா நிக்குது"ன்னா.

வரலாறு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, ஒரு சின்ன வேண்டுகோள். பசங்களுக்கு வெறும் லிங்க் அனுப்பாதீங்க. ஒரு பக்கத்தைத் திருத்தக் கொடுங்க. ஒரு எழுத்து மாறினா அர்த்தம் மாறும், அதை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பார்த்திருக்கணும்னு கையால தெரிஞ்சுக்கிட்ட பையன், அடுத்து வர்ற ஃபார்வர்டை அப்படியே நம்ப மாட்டான்.

ப்ராஜெக்டைத் திங்கக்கிழமை கொடுத்துட்டா. மார்க் இன்னும் வரல. அவ கேட்கிறதெல்லாம் வேற. "பச்சை ஆயிடுச்சா மாமா?" நான் போய்ப் பச்சை ஆக்கியிருக்கலாம். ஆனா முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர் அவ திருத்தினதைப் படிச்சு, சரின்னு சொல்லணும்னு எனக்கு ஆசை. நேத்து ராத்திரி பார்த்தப்போ அந்தப் பக்கம் இன்னும் மஞ்சள்லதான் இருந்தது.