முகாம் மூடிய பிறகு

1978 நவம்பரில் கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே ஹாய் ஹோங் என்ற பழைய சரக்குக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்றது. உள்ளே வியட்நாமிலிருந்து தப்பி வந்த ஏறத்தாழ 2,500 பேர். யாரையும் இறங்கவிட முடியாது என்றது மலேசிய அரசு. கடைசியில் வெளிநாடுகள்தாம் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. கனடா அறுநூறு பேருக்கு மேல் ஏற்றது. மேற்கு ஜெர்மனியின் ஒரே ஒரு மாநிலம் ஆயிரம் பேருக்கு இடம் தந்தது.

அன்றைய கொள்கை எளிமையானது: வந்தவரை ஓரிடத்தில் அடைத்து வை, வேறு நாடு அழைத்தால் அனுப்பிவை. திரங்கானு கடலில் ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள பீடோங் தீவில் 1979 நடுவில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். செம்பிறைச் சங்கம் சோறும் மருந்தும் பார்த்துக்கொண்டது. குடியேறத் தேர்வானவர்கள் கோலாலம்பூரின் சுங்கை பீசி முகாமுக்கு வந்து, ஆங்கிலம் கற்றபடி விமானத்துக்குக் காத்திருந்தார்கள். பீடோங் 1991இல் மூடப்பட்டது, சுங்கை பீசி 1996இல். அதுவரை மலேசியா வழியாகப் போன வியட்நாமியர் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம்.

முகாம்கள் மூடப்பட்டனவே தவிர, அகதிகள் வருவது நிற்கவில்லை. மியன்மாரிலிருந்து சின் இனத்தவரும் ரொஹிங்யாக்களும் வந்தபடி இருந்தார்கள். அவர்களை வைக்க முகாம் கிடையாது. மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற பிரிவே இல்லை. முறையான பத்திரம் இல்லாமல் நுழைந்தவர் எவரும் குற்றவாளி. அபராதம், சிறை, ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. பீடோங்கில் இருந்தவருக்கு யாரோ அரிசி அளந்து கொடுத்தார்கள். முகாம் இல்லாமல் கோலாலம்பூரையொட்டிப் பூடுவிலும் அம்பாங்கிலும் அறை பிடித்துத் தங்கியவர் வாடகைக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளை படிப்புக்கும் யாரிடம் போவது? கோலாலம்பூரையும் சுற்றுவட்டார ஊர்களையும் கொண்ட கிள்ளான் பள்ளத்தாக்கின் தொண்டூழிய மையங்கள் இந்தக் கேள்வியிலிருந்து முளைத்தவை.

அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பெட்டாலிங் ஜெயாவே இடம்பெயர்ந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட ஊர்தான். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில், கோலாலம்பூரின் புறம்போக்குக் குடியிருப்பாளர்களை அப்புறப்படுத்தி வைக்க எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்து மண்ணில் 1952 வாக்கில் எழுந்த 800 வீடுகள்தாம் இன்றைய பழைய டவுன். பங்களாக்களும் பேரங்காடிகளும் பிறகு வந்தவை. அந்த ஊரிலிருந்து இயங்கும் தெனாகனித்தா 1991இல் தொழிலாளர் உரிமைக்காக ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய அமைப்பு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சங்கப் பணிக்கு வந்தவர் அவர்.

ஓர் ஆய்வைத் தொடங்கியபோது தெனாகனித்தாவினர் தேடியது எய்ட்ஸ் பற்றிய விவரங்களை. வெளிநாட்டுத் தொழிலாளர் முந்நூறு பேருக்கு மேல் பேசியபோது வேறொன்று வெளியே வந்தது. குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அடி, பட்டினி, பெரிபெரி நோயில் சாவு. சரியான சாப்பாடு கிடைத்தாலே தவிர்க்கக்கூடிய நோய் அது. 1995இல் அறிக்கை வந்தது. மறு ஆண்டு பொய்ச் செய்தி வெளியிட்டதாக ஐரின் மீதே வழக்கு. ஏழாண்டு விசாரணைக்குப் பின் 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் 2008 நவம்பரில் விடுதலையானார். இடையில், 2005இல், ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2014இல் அவர் காலமானார். உதவி செய்பவர் கணக்குக் கேட்கவும் தொடங்கினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இந்த நாட்டின் தொண்டு அமைப்புகள் இந்த வழக்கில்தான் பார்த்தன.

அதே காலத்தில் இன்னொரு தொண்டர் கூட்டமும் அகதிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. 1972இல் அமைந்த ரேலாவும் மக்கள் தொண்டர் படைதான். 2005 முதல் சோதனை நடத்தவும் பிடிக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பகலில் ஒரு தொண்டர் பாடம் சொல்லிக்கொடுப்பார், இரவில் இன்னொரு தொண்டர் பிடித்துப் போவார் என்பது அந்த ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெறும் கற்பனையாக இருக்கவில்லை.

அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. அதனால் கடைவீடுகளின் மேல்மாடிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் வகுப்புகள் தொடங்கின. செந்தூலில் 1998இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய டிக்னிட்டி அறக்கட்டளை அகதிகளையும் சேர்த்துக்கொண்டது. 2009இல் டெபோரா ஹென்றி முதலானோர் சோமாலியப் பிள்ளைகளுக்காக ஃபியூஜி பள்ளியைத் தொடங்கினார்கள். அவர் மிஸ் யூனிவர்ஸ் மலேசியா ஆனது அதற்குப் பிறகு. இப்படிப்பட்ட கற்றல் மையங்கள் இன்று நாடு முழுதும் நூற்றுக்கு மேல். பௌத்த ட்சு சி அமைப்பு பள்ளியோடு இலவச மருத்துவமும் தருகிறது.

தொண்டூழியர் என்றதும் கரும்பலகை முன் நிற்கும் கல்லூரி மாணவி நினைவுக்கு வரலாம். சிரமமான வேலை அதற்கு வெளியே இருக்கிறது. பிரசவத்துக்குப் போகும் பெண்ணோடு மருத்துவமனைக்குத் துணை போவது அதில் ஒன்று. ஐநா அகதிகள் ஆணையத்தின் அட்டை இருந்தால் அங்கே வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதியே பல குடும்பங்களுக்கு எட்டாது. யாராவது பிடிபட்டால் காவல் நிலையத்துக்கு ஓடவேண்டும். சில மாதம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழோடு போய்விடுகிறவர்களைவிட, இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான் ஒரு மையத்தைத் தாங்குகிறார். வகுப்பெடுக்கப் போய் வேறு வழி கண்டவர்களும் உண்டு. அகதிகளின் கற்றல் மையத்தில் தொண்டு செய்த மூன்று பல்கலைக்கழக மாணவியர் 2016இல் பிச்சா திட்டத்தை ஆரம்பித்தார்கள். அகதிக் குடும்பங்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைக்க, இவர்கள் விருந்துகளுக்கு விற்றுக்கொடுத்தார்கள்.

தமிழர் அதிகம் வாழும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இலங்கைத் தமிழ் அகதிகள் கூட்டத்தில் கலந்துவிட முடியும், மொழி காட்டிக்கொடுக்காது. ஆனாலும் 2014 மே மாதம், ஐநா அகதிகள் ஆணையத்திடம் பதிந்திருந்த மூன்று இலங்கைத் தமிழர்களைப் புலிகள் இயக்கத்தினர் என்று பிடித்து, அந்த மாதமே இலங்கைக்கு அனுப்பினார்கள்.

ஆணையத்தில் பதிந்தவர்கள் இப்போது ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். பல மையங்களில் பாடம் சொல்வோரில் ஒரு பகுதியினரும் இவர்களே. பெற்றோரின் மொழி, மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரிந்தவர்கள் என்பதால் புதிதாக வந்த குழந்தையை முதலில் இவர்களிடம்தான் விடுகிறார்கள். சட்டப்படி வேலை பார்க்கும் உரிமை இவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.