பருந்தைத் தொடத் தெரிந்தவர் யார், தொட அனுமதி யாருக்கு?

இன்னைக்கு எபிசோடுக்குக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கணும்.

காசிமேட்டில் காலையில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் மேலே பாருங்க. கரும்பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். நடுவில் ஒன்றிரண்டு செம்பருந்து. அதைப் பார்த்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டின் மேலும் இதே வட்டம்தான். திருவொற்றியூரில் வளர்ந்த எனக்குத் தெரிந்த முதல் காட்டுயிர் இந்தப் பருந்துதான்.

அதே வானத்தில்தான் நம்ம ஏரியா பசங்க காத்தாடியும் விடுறாங்க. இங்கிலீஷில் ரெண்டுக்கும் ஒரே பேர், கைட். பறவையின் பெயரைத்தான் காகிதத்துக்கு வைத்தார்கள். நைலான் மாஞ்சாவை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்தது. கண்ணாடித் தூள் பூசிய பருத்தி நூலையும் சேர்த்து 2023இல் தமிழ்நாடு அரசு தடை போட்டது. ஆனா மரத்திலும் கேபிள் ஒயரிலும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் நூல் எங்கும் போய்விடவில்லை. அது இறக்கையை அறுக்கும், பறவை யாராவது ஒருத்தர் மொட்டை மாடியில் விழும்.

அப்போ ரெண்டு கேள்வி வரும். இந்தப் பறவையைக் கையாளத் தெரிந்தவர் யார்? கையாள அனுமதி இருப்பவர் யார்? என் வேலையில் இது தினப்படி விஷயம். கோட் நல்லா தெரிந்த ஆள் ஒருத்தர், அட்மின் பர்மிஷன் இருக்கிற ஆள் வேறொருத்தர். இந்தியாவில் ராப்டர்கள், அதாவது இரைகொல்லிப் பறவைகளின் பராமரிப்பு வரலாறு கிட்டத்தட்ட இந்தச் சிக்கலின் வரலாறுதான்.

பழைய பள்ளிக்கூடம்

இந்த அறிவு வேட்டையில் பிறந்தது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசத்தில், வல்லூறுகளை வைத்து வேட்டையாடுவது ஓர் அரச விளையாட்டாக வருகிறது. குமாவுன் அரசர் ருத்ரதேவர் எழுதிய சைனிக சாஸ்திரம் முழுக்க இதைப் பற்றியே பேசும் சமஸ்கிருத நூல். ஹரபிரசாத் சாஸ்திரி அதைப் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1910இல் கல்கத்தாவில் வெளியிட்டார். எந்தப் பருவத்தில் எப்படித் தீனி, என்ன நோய்க்கு என்ன மருந்து என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம்ம மெட்ராஸ் மாகாணத்தில் அறுவை மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1862இல் வெளிவரத் தொடங்கிய தன் இந்தியப் பறவைகள் நூலில் சாஹீன் போன்ற வல்லூறுகள் வேட்டைக்குப் பழக்கப்பட்ட விதத்தை எழுதியிருக்கிறார்.

ஆனா உண்மையான பாடம் புத்தகத்தில் இல்லை, கையில் இருந்தது. பறவையை முஷ்டியில் ஏந்தும்போதே எடை குறைந்திருக்கிறதா என்று உணர்வது, எச்சத்தின் நிறத்தைப் பார்த்து வயிற்றின் நிலையைச் சொல்வது, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் அது உருண்டையாகக் கக்கிவிட்டதா என்று கவனிப்பது. இதெல்லாம் அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை.

இன்னொன்றும் உண்டு. பறக்க உதவும் பெரிய இறகு பாதியில் ஒடிந்தால், அடுத்த முறை இறகு உதிரும்வரை புதுசு முளைக்காது. அதுக்குப் பல மாதம் ஆகலாம். அதனால் வேறொரு பறவை உதிர்த்த அதே இட இறகை எடுத்து, ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை ரெண்டு தண்டுக்குள்ளும் செருகி ஒட்டுவார்கள். பறவை பறந்துவிடும். வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்த இந்த இறகு ஒட்டு வேலையைத்தான் இன்று உலகம் முழுக்கப் பறவை மீட்பு மையங்களில் செய்கிறார்கள்.

இதை ரொமான்டிக்காவும் பார்க்க வேண்டாம். பிடித்த புதுப் பறவை மிரளாமல் இருக்க அதன் இமைகளைச் சேர்த்துத் தைத்துவைக்கும் வழக்கமும் இதே மரபில்தான் இருந்தது.

1972

அந்த வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை, பிடிப்பதும் பொறி வைப்பதும் சேர்த்திதான். காட்டுயிர் அரசின் சொத்து. ஏதோ ஒரு வழியில் உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். பறவைகளுக்கு அவசியமான சட்டம், சந்தேகமே இல்லை. அதே சமயம், பறவையைத் தொடத் தெரிந்த பரம்பரையின் தொழில் குற்றமாகிப்போனது. வேலை போனால் வித்தையும் ரெண்டு தலைமுறையில் போய்விடும்.

கொஞ்சம் பேரின் வித்தைக்கு வேறு வழி கிடைத்தது. பீகாரில் மீர் ஷிகார் என்றொரு பறவை பிடிக்கும் சமூகம் உண்டு. ஒருகாலத்தில் அரசவையின் வேட்டைத் தலைவருக்கான பாரசீகப் பட்டம் அது. 1960களில் சலீம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டி வலசையை ஆராயத் தொடங்கியபோது, இவர்களைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஒரு இறகுகூட ஒடியாமல் பிடிக்க இவர்களால் முடிந்தது. ஆய்வுக்கட்டுரையில் பெயர் போட்டவர் விஞ்ஞானி. பறவையைப் பிடித்த கை மீர் ஷிகாருடையது.

சிபி கதையின் பருந்து

சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதில் பருந்து கேட்கும் கேள்வியை நாம் அதிகம் யோசிப்பதில்லை: புறாவைக் காப்பாற்றிவிட்டீர்கள், என் பசிக்கு என்ன வழி?

டெல்லி சாந்தினி சௌக்கில் புகழ்பெற்ற ஜைனப் பறவை மருத்துவமனை இருக்கிறது. அங்கே அசைவத்துக்கு இடமில்லை என்பதால், கறி தின்னும் பறவைகளை உள்நோயாளியாகத் தங்கவைப்பதில்லை. அதே டெல்லியில் வளர்ந்த நதீம், சவுத் என்ற சகோதரர்கள் அடிபட்ட பருந்துகளைத் தங்கள் வீட்டுக்கே எடுத்துப்போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். சின்ன வயதில் பாடிபில்டிங்கில் இருந்த ஆர்வத்தால் தசை, தசைநார் பற்றிக் கற்றதுதான் அவர்களின் முதல் பாடம். ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் இவர்களைப் பற்றியதுதான். 2022இல் சன்டான்ஸிலும் கான்ஸிலும் விருது வாங்கி, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இந்தியாவின் ரொம்ப முக்கியமான ராப்டர் மருத்துவமனைகளில் ஒன்று, ரெண்டு பேர் தாங்களே கற்றுக்கொண்டு கட்டியது.

பாராட்டலாம். ஆனா ஒரு நாட்டுக்கு இது போதுமா?

அமெரிக்காவில் காயம்பட்ட காட்டுப் பறவைகளைப் பராமரிக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது ஒரு முழு வருஷத்தில் பரவிய 100 மணி நேர நேரடிப் பயிற்சி வேண்டும். வல்லூறு வேட்டைப் பயிற்சிக்கு வருபவர் எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுத்து, அனுபவம் உள்ள ஒருவரின் கீழ் ரெண்டு வருஷம் இருக்க வேண்டும். அவர்கள் சான்று கொடுப்பது டிகிரிக்கு இல்லை, பறவையோடு கழித்த நேரத்துக்கு. நம்ம பழைய பள்ளிக்கூடம் வாய்மொழியாகச் செய்ததை அவர்கள் படிவத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

வழி நம்ம ஊரிலேயே இருக்கு

தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி வரை கூட்டிட்டுப் போங்க. பாம்புத்தோல் வணிகம் 1970களில் தடையானபோது இருளர்களும் இதே மாதிரி ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். ஆனா 1978இல் ரோமுலஸ் விட்டேகர் உதவியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அரசு உரிமத்தோடு பாம்பைப் பிடித்து, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவுக்கு அழைத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. தெரிந்தவர் கையிலேயே அனுமதியையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

வடசென்னைக்கு இது ஏன் அவசரம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது நினைவிருக்கும். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயோடு நின்றன. எண்ணெய் பட்ட பறவையைப் பார்த்ததும் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. முதலில் உடம்புச் சூடு, நீர்ச்சத்து, அப்புறம்தான் கழுவல். இதைக் கரையிலேயே தெரிந்த ஆள் வேண்டும். எண்ணெய் பட்ட மீனைத் தின்ன வரும் பருந்துக்கும் இதுதான் கதை. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. டாக்டர்கள் இருக்கிறார்கள். விழுந்த இடத்துக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கும் முதல் ஆள்தான் குறை. ஒரு மீனவர், ஒரு துறைமுகத் தொழிலாளி, ஒரு காலேஜ் ஸ்டூடன்ட் 100 மணி நேரம் பயிற்சி எடுத்து, வனத்துறை கையெழுத்துப் போட்ட அட்டையோடு அந்த இடத்தில் நிற்க முடியாதா?

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு துண்டால் பறவையின் தலையை மூடுங்க. அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்து, அதைக் கவனிங்க. இறக்கையில் சிக்கிய நூலை இழுக்காதீங்க, ரெண்டு பக்கமும் வெட்டி அப்படியே விடுங்க. காற்றோட்டமான அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. பால், சோறு, வாயில் தண்ணி எதுவும் வேண்டாம். ஊற்றும் தண்ணி மூச்சுக்குழலுக்குள் போனால் பறவை செத்துப்போகும். உடனே வனத்துறைக்கோ ப்ளூ கிராஸுக்கோ போன் பண்ணுங்க. குஞ்சு கிடைத்தால் ஆசைப்பட்டு வளர்க்காதீங்க. வெறும் கறி மட்டும் கொடுத்தால் கால்சியம் இல்லாமல் எலும்பு வளைந்துவிடும். அதுக்கப்புறம் அது வானத்துக்குப் போகாது.

இந்த எபிசோடை மொட்டை மாடி இருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.