கடலில் பேப்பர் கேட்ட கதை

டிசம்பர் லீவு வந்தால் மும்பையில் இருக்கும் நம்மாட்களுக்கு அலிபாக் ஞாபகம் வந்துவிடும். நாலு குடும்பம் சேர்ந்துவிட்டால், "லாஞ்ச்ல கும்பலோட போவானேன், சின்ன மோட்டார் போட் ஒண்ணைத் தனியா பேசிக்கலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அலிபாக் பக்கத்தில் தள் கிராமத்துக் கரையில் இருந்து காந்தேரி தீவுக்கு இப்படித்தான் போகிறார்கள். வாடகையைக் குறைத்துப் பேசுவதில் நாம் கில்லாடிகள். ஆனால் போட்டின் பேப்பரைக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

வங்கிக்காரன் புத்தி பேப்பரில்தான் போய் நிற்கும் என்று சிரிக்காதீர்கள். இந்தக் கடலில் பேப்பர் கேட்பது 500 வருஷத்துப் பழக்கம்!

முதலில் கேட்டவர்கள் போர்ச்சுகீசியர்கள். 16-ம் நூற்றாண்டில் அவர்கள் கொடுத்த சீட்டுக்கு கர்த்தாஸ் என்று பெயர். அது இல்லாமல் மாட்டினால் கப்பலும் சரக்கும் அவர்களுக்கு. 18-ம் நூற்றாண்டு ஆரம்பத்தில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே, 'இது எங்கள் கடல், என் தஸ்தக்கை வாங்கு' என்றார். வெள்ளைக்காரன் அவரைக் கடல் கொள்ளைக்காரன் என்று எழுதி வைத்தான். தானே பாஸ் கொடுத்தால் அது சட்டம், அவர் கொடுத்தால் கொள்ளை! 1718-ல் காந்தேரியைத் தாக்கிய ஆங்கிலேயர்கள் தோற்றுத் திரும்பினார்கள். 1721-ல் போர்ச்சுகீசியரையும் சேர்த்துக்கொண்டு அலிபாகின் குலாபா கோட்டைக்கு வந்தார்கள். அதுவும் நடக்கவில்லை. (2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் காந்தேரியும் உண்டு, நம்ம செஞ்சியும் உண்டு.)

கர்த்தாஸ், தஸ்தக் எல்லாம் வசூலுக்கும் அதிகாரத்துக்கும்தான். கப்பலில் ஏறுகிறவன் உயிரோடு இறங்குவானா என்ற கேள்வி அவற்றில் இல்லை.

அந்தக் கேள்வியை இந்தக் கரை மறக்க முடியாத நாள் 1947 ஜூலை 17. சுதந்திரத்துக்கு இன்னும் 29 நாள். காலையில் பாவுச்சா தக்காவில் இருந்து ரேவஸுக்குக் கிளம்பிய ராம்தாஸ் கப்பல், மழைக்காலக் கடலில் கவிழ்ந்தது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பலில் வயர்லெஸ் இல்லை. தப்பிக் கரையேறியவர்கள் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. ஏறியவர்களில் பலர் பம்பாயில் பிழைக்க வந்தவர்கள். கட்டாரி அமாவாசைக்குச் சொந்த ஊர் போய்க்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு ரயிலில் நெருக்கியடித்து ஊர் போகும் நமக்கு அந்த அவசரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று பதிவு, சர்வே, ஆள் கணக்கு என்று பேப்பர் எல்லாம் இருக்கிறது. இருந்தும் 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயில் இருந்து எலிஃபண்டா போன நீல்கமல் படகில், 84 பயணிகளுக்கு அனுமதி என்ற இடத்தில் 100 பேருக்கும் மேல் இருந்தார்கள். மோதியது கடற்படையின் ஸ்பீட் போட்தான், அதில் படகுக்காரர் குற்றம் இல்லை. ஆனால் பலரிடம் லைஃப் ஜாக்கெட் இல்லை. இறந்தவர்கள் 15 பேர், அதில் குழந்தைகளும் உண்டு.

தனி போட் பேசும்போது அந்த எண்ணை எண்ணுவதற்கு வேறு ஆள் கிடையாது, நாம்தான். மீன்பிடி போட்டின் பதிவு வேறு, பயணிகளை ஏற்றும் அனுமதி வேறு. மடியில் உட்காரும் குழந்தையும் ஒரு ஆள்தான், அதற்கு அதன் சைஸில் ஜாக்கெட் வேண்டும். மழைக்காலத்தில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

வாடகை பேசும் முன் ஒரே ஒரு மராத்தி வாக்கியம் போதும்: "தாதா, கிதி மாண்சாஞ்சா பர்வானா ஆஹே?" எத்தனை ஆளுக்கு அனுமதி என்று அர்த்தம். பதில் மழுப்பலாக வந்தால் கரையிலேயே பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். காந்தேரி எங்கேயும் போய்விடாது.